மஞ்சள் பையின் எடையைக் குறைக்க

மருத்துவமனையைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக்க, சூரிய மின்தகடு வைக்கப் பணம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறிய மருத்துவமனை நாளைக்கே கைவைக்கக்கூடிய இடம் குப்பை. மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் வீட்டுக் குப்பையைப் போன்றதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையும் தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டால், எரியுலைக்குப் போய்ப் புகையாகிவிடும்.

முதலில் ஒரு வாரம் எடை போடுங்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி தினமும் பதிவேடு எழுதத்தான் வேண்டும். கூடவே எந்த வார்டுப் பை என்பதையும் குறித்துவிடுங்கள்.

அடுத்து, தொட்டிகளை இடம் மாற்றுங்கள். பாதி வேலை இதில்தான் இருக்கிறது. சலைன் ஏற்றும் நர்ஸ் அருகில் நின்று பாருங்கள். டிரிப் செட்டின் உறையைக் கிழிக்கிறார். அது சாதாரணக் குப்பை. ஆம்பியூலை உடைக்கிறார், கண்ணாடி நீலப் பெட்டிக்கு. ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல், துளைபடாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு. சலைன் முடிந்ததும் குழாயும் பிளாஸ்டிக் பாட்டிலும் சிவப்புக்கு. கிருமி நீக்கி, அரைத்து, மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். பல டிராலிகளில் இல்லாதது சாதாரணக் குப்பைத் தொட்டிதான். அது வராந்தா கோடியில் இருந்தால் உறையும் அட்டையும் மஞ்சளுக்குத்தான் போகும். கை நிறைய வேலையோடு நிற்கும் நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. டிராலியிலேயே ஒரு தொட்டியை மாட்டிவிடுங்கள்.

பை வாங்கும்போது குளோரின் கலக்காத பிளாஸ்டிக்தானா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். இந்தியாவில் 2019 மார்ச்சுக்குள் அந்தப் பைகளையும் கையுறைகளையும் கைவிட்டிருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. விலை மலிவு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

கழிவைச் சுமக்கும் துப்புரவுப் பணியாளருக்குத் தடித்த கையுறை, பூட்ஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் கட்டாயம். ஒப்பந்தப் பணியாளர் என்று சொல்லி இதை விட்டுவிடுவது பெரிய அநியாயம். எந்தப் பையில் எது தவறாக விழுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். மாதக் கூட்டத்தில் அவரை உட்காரவைத்துக் கேளுங்கள். பைகளை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள்.

பிரிப்பது பழகியபின் வாங்குவதைக் குறைக்கலாம். பிளாஸ்டிக் கிட்னி ட்ரேக்குப் பதில் ஆட்டோகிளேவ் செய்யக்கூடிய ஸ்டீல் ட்ரே வாங்குங்கள். ரத்தமோ உடல் திரவமோ கையில் படாத வேலைகளுக்குக் கையுறை எதற்கு? கையைக் கழுவினாலே போதும்.

ஒரு மாதம் கழித்து வார்டு வாரியாக எடையை ஒப்பிடுங்கள். குறையாத வார்டில் இரவு ஷிப்டிலும் ஒருமுறை நின்று பாருங்கள்.