ஊறுவதும் தீர்வதும்

அன்புள்ள கயலுக்கு,

வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வரப்போவதாக எழுதியிருக்கிறாய். பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "மொதல்ல ஒரு மாசம் தொழுவத்துல சாணி அள்ளட்டும், அப்புறம் பேசலாம்" என்றாள். கேலியில்லை அம்மா, அதுதான் நுழைவுத் தேர்வு.

நீ ஆடிட்டர் ஆபீசில் இருப்பவள். அதனால் ஒரு கணக்கரைப் பற்றிச் சொல்கிறேன். ஜே.சி. குமரப்பா 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தொழில் நடத்தினார். பிறகு காந்தியோடு சேர்ந்து கதருக்கு மாறினார். கடைசிக் காலத்தில் நம் கல்லுப்பட்டி காந்தி நிகேதனுக்கே வந்து தங்கினார். சிறையில் இருந்தபோது அவர் எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலில் ஒரு பாகுபாடு உண்டு. நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கத் தீர்வது ஒரு வகை. ஆண்டுதோறும் தழைக்கும் மரம் மாதிரி ஊறிக்கொண்டே இருப்பது இன்னொரு வகை.

படித்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. போர் போட்ட பிறகுதான் உறைத்தது. நானூறு அடி. மூன்றாவது கோடையில் வெறும் காற்றுதான் வந்தது. கடன் மட்டும் ஊறியது.

இப்போது முழுக்க மானாவாரிதான். புரட்டாசி மழைக்குக் குதிரைவாலி, ஊடே உளுந்து, ஓரத்தில் துவரை. குழம்புக்கான துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தால் வண்டு அண்டாது. விதைக்கு எடுத்ததில் சாம்பலும் வேப்பிலையும் போட்டுவைப்போம். குதிரைவாலிக்கு உமி நீக்குவதுதான் பெரும்பாடு. சின்ன மூட்டையை மில்லில் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பெரியம்மா உரலில் குத்துகிறாள், என்னைத் திட்டிக்கொண்டே.

அங்கேயே இருந்து நீ செய்யக்கூடியது ஒன்றுண்டு. ராத்திரி படுக்குமுன் ஒரு நோட்டில், அன்றைக்குச் செலவழித்ததில் எது ஊறுவது, எது தீர்வது என்று இரண்டு பத்தியாக எழுது. ரூபாய்க் கணக்கு வேண்டாம். எனக்கு முதல் வாரம் ஒரு பத்தி காலியாகவே கிடந்தது. ஆறேழு மாதம் கழித்து முருங்கைக்கீரை, மோர், வரப்பில் பொறுக்கிய விறகு என்று நிரம்பத் தொடங்கியது. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது வரும் திருப்தி, பருத்தி நல்ல விலைக்குப் போன வருஷத்தில்கூட எனக்கு வந்ததில்லை.

நிம்மதியா என்று கேட்டிருந்தாய். மழை பொய்த்த வருஷத்தில் இல்லை. மற்ற வருஷங்களில் ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது.

வேலையை இப்போது விடாதே. புரட்டாசிக்குப் பதினைந்து நாள் லீவு போட்டு வா. விதைப்புக்கு ஆள் கிடைக்கவில்லை.

அன்புடன்,
பெரியப்பா