பத்தியத்தில் பால் மட்டும் மிஞ்சியது

வயிறு சரியில்லை என்று போனபோது எனக்குச் சொன்ன பத்தியத்தில் காரம் கூடாது, புளி கூடாது, கருவாடு கூடவே கூடாது. பால் மட்டும் மிஞ்சியது. "வயித்துப் புண்ணுக்குப் பால் நல்லதும்மா, ராத்திரி ஒரு டம்ளர் குடிங்க" என்றார் மருத்துவர். நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு பேச்சால்தான்.

மாமியார் மிளகும் மஞ்சளும் தட்டிப்போட்டு, சுண்டக் காய்ச்சி, ஆற்றிக் கொடுப்பார். படுத்த கொஞ்ச நேரத்தில் வயிறு கல்லாக உப்பும், கடமுடவென்று உருளும். விடிந்தால் அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். நடுவழியில் வயிற்றைக் கலக்கினால் ஒரு பெண் எங்கே இறங்கி ஒதுங்குவாள்? உங்களுக்கும் தெரிந்த வேதனைதான். கேஸ் மாத்திரை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் ஆனது. எதிலும் ஒன்றுமில்லை என்று வந்ததும், "டென்ஷன்தான், வேற ஒண்ணுமில்ல" என்றார்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கடைசியில் வேறொரு மருத்துவர்தான், ராத்திரி என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கிற லாக்டேஸ் நொதி, பால்குடி மறந்தபின் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். உடைபடாத சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும்; அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். மூச்சில் ஹைட்ரஜன் அளந்து பார்க்கிற பரிசோதனை கூட இதற்கு உண்டு.

"ஊரே பால் குடிக்குது, உனக்கு மட்டும் என்ன?" என்ற உறவுக்காரர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1981-ல் வெளியான ஆய்வில், டெல்லியில் 27.4 சதவீதம் பேருக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதித்தவர்களில் அது 66.6 சதவீதம். உலகத்துப் பெரியவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸ் முழுசாகச் செரிப்பதில்லை. டென்மார்க், ஸ்வீடன் பக்கம் பெரும்பாலோருக்குச் செரிக்கிறது. அதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகக் கறந்து குடித்த கூட்டங்களில் பரவிய ஒரு மரபணு மாற்றம். ஐரோப்பாவில் பரவிய அதே மாற்றம் நம் நாட்டிலும் வடமேற்கில் அதிகம், தென்கிழக்கே வர வர குறைவு. நாம் இருப்பது எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் நோயில்லை.

நாட்டுமாட்டுப் பால் என்றால் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு பெரியப்பா இப்போதும் வாதாடுகிறார். நாட்டுமாடு, சீமைமாடு, எருமை, ஆடு எதுவானாலும் லாக்டோஸ் உண்டு. ஆவின் பாக்கெட்டின் நிறம் மாறினால் கொழுப்புதான் மாறும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: இரண்டு வாரம் காபி, டீ, பால்கோவா வரை எல்லாப் பாலையும் நிறுத்துங்கள். வயிறு அடங்கினால் காரணம் பிடிபட்டது. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்து உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள். டீயில் விடுகிற பால் பலருக்கு ஒன்றும் செய்யாது. சளி பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் தள்ளிவைத்த தயிர்தான் எனக்கு ஒத்துக்கொண்டது. உறைந்த தயிரிலுள்ள கிருமிகளே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. நெய்யில் அது அநேகமாக இல்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் மட்டும் பால் மேல் பழி போட்டு வீட்டில் உட்காராதீர்கள். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

"கால்சியத்துக்கு என்ன பண்ணுவே?" என்று மாமியார் கேட்டார். கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள் இருக்கின்றன. பத்தியத்தில் பறிகொடுத்த கருவாடும் திரும்பிவிட்டது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து நெத்திலியை முள்ளோடு மென்று தின்கிறேன்.