சொல் அறிவோம்: ஊமை

"அந்தப் புள்ள ஊமைங்க, அதுக்கு ஒண்ணும் தெரியாது."

தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலும், இங்கே மஹய்யாவ லயங்களிலும் நாம் சாதாரணமாகச் சொல்லும் பேச்சு இது. இம்முறை 'ஊமை' என்ற சொல்லைப் படிப்போம்.

வாய் பேச முடியாதவரை ஊமை என்கிறோம். சிங்களத்தில் 'கொளு' என்பார்கள். வெளியே தெரியாமல் உள்ளே வலிப்பது ஊமைக்காயம். மந்தாரமாக இருக்கும்போது புழுங்க வைப்பது ஊமை வெயில். கவனியுங்கள்: வலியும் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இது மிகப் பழைய சொல். குறுந்தொகை 58ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் என்னும் பெண் புலவர் ஓர் உவமை சொல்கிறார். வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவல் இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும், சொல்லத்தான் வழியில்லை. அப்படியானால் "ஒண்ணும் தெரியாது" என்று நாம் சொல்வது எவ்வளவு தப்பு!

இன்னொரு தப்பும் செய்கிறோம். நாக்கில்தான் குறை என்று நினைத்து, நேர்த்தி வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். பேசாத பிள்ளைகள் பலருக்கு நாக்கிலோ தொண்டையிலோ குறை இல்லை; காதுதான் கேட்பதில்லை. பேச்சைக் கேட்டுத்தானே பிள்ளை பேசப் பழகுகிறது?

பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒரு வயதாகியும் மழலை இல்லையா? இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? "போகப் போகப் பேசும்" என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் காட்டலாம். சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் கருவி வைத்துக் கேட்கவோ, சைகை மொழி படிக்கவோ வழி உண்டு.

படிப்புக்கும் இடம் உண்டு. இரத்மலானையில் 1912இலும், கைதடியில் நவீல்ட் பாடசாலை என்று 1956இலும் இப்பிள்ளைகளுக்கான பாடசாலைகள் தொடங்கின. உடற்குறையைக் காட்டிப் பாடசாலையிலோ வேலையிலோ ஒருவரை ஒதுக்கக்கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம்.

இனி 'காது கேளாதவர்', 'பேச இயலாதவர்' என்று சொல்லிப் பழகுவோம். அதைவிட நல்லது ஒன்று உண்டு. அந்தப் புள்ளைக்கும் அப்பா அம்மா ஒரு பேர் வச்சிருக்காங்க. முன்னால் போய், முகத்தைப் பார்த்து, அந்தப் பேரைச் சொல்வோம்.