டியூட்டியை விடாமல் பட்டம்

கேள்வி: ஜி.என்.எம். முடித்து ஆறு வருடமாகத் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வேலையை விடாமல் ஆன்லைனிலேயே பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிடலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். நம்பிச் சேரலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சேராதீர்கள் சகோதரி. யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிகள், ஆன்லைனில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் நர்சிங்கையும் வைத்திருக்கின்றன. ஊசி போடுவதையும் பிரசவம் பார்ப்பதையும் செல்போன் திரையில் கற்றுக்கொள்ள முடியுமா, என்ன?

வேலையில் இருப்பவர்களுக்கென்றே இக்னோ பல்கலைக்கழகம் நடத்துவது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். குறைந்தது மூன்று வருடப் படிப்பு. நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூவுக்குப் பிறகு ஜி.என்.எம். படித்தவர் என்றால், நர்ஸாகப் பதிவு செய்தபின் இரண்டு வருட அனுபவம் போதும். பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். சேர்ந்தவருக்கு ஐந்து வருடம். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் தேறிவிடுவீர்கள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

பாடப் புத்தகத்தை நைட் டியூட்டி முடிந்த பகலில், தூக்கத்தைக் கொஞ்சம் திருடி, வீட்டிலேயே படித்துவிடலாம். சிக்கல் செய்முறைப் பயிற்சியில்தான். அதற்குப் படிப்பு மையத்துக்கு நேரில் போயே ஆக வேண்டும். விடுப்பு தருவார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை டியூட்டி சார்ட்டில் ஏறாது. பட்டம் கைக்கு வந்ததும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய மறந்துவிடாதீர்கள்.