எதில் சிக்கனம், எதில் கவனம்: நானுஓயாவில் மையும் லிப்ஸ்டிக்கும் கியூடெக்ஸும் வாங்க ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி நானுஓயா ஸ்டேஷனில் போய் நின்று பாருங்கள். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ரயிலை விட்டு இறங்குவார்கள். அம்மாவுக்குச் சேலை, தம்பிக்குச் சப்பாத்து, உடுப்புக்கு நடுவே சுருட்டி வைத்த சின்னப் பை ஒன்று. அந்தப் பையில் ஒரு மை, ஒரு லிப்ஸ்டிக், இரண்டு கியூடெக்ஸ். புறக்கோட்டையில் வாங்கியது. அது கிளாசோ, எடின்புரோ, ரதெல்லை என்று ஏதோ ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், அந்த லயத்தில் இருக்கிற அத்தனை பெண் பிள்ளைகளின் முகத்தையும் நகத்தையும் தொட்டுவிடும்.

அந்தப் பையில் எது இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதினேழு வயதில் நடைபாதையில் பெயரில்லாத ஒரு கண் மையை வாங்கிப் பூசினேன். மறுநாள் விடியும்போது இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடந்தன. ஒரு கிழமை வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து எதை வாங்கினாலும் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் காசைக் கொடுக்கிறேன்.

இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லலாம்: உதிர்ந்து போவதில் சிக்கனம் பாருங்கள், உடம்புக்குள் போவதில் பார்க்காதீர்கள். நகத்தில் பூசும் நிறம் நான்கு நாளில் உதிரும். கண்ணில் இடுவது கண்ணீரோடு கலக்கும், உதட்டில் பூசுவதில் கொஞ்சம் வயிற்றுக்குப் போகும், முகம் முழுக்கத் தேய்க்கும் கிரீம் தோலுக்குள் இறங்கும்.

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்தது. ஒரு பேர் போட, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்காக, மலையேறிக் கொழுந்து பறித்த கைக்குத்தான் அந்தக் காசின் கனம் தெரியும். ஒரு தடவைக்கு இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல் அலங்காரத்துக்குச் செலவழிப்பதில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். நீங்களும் ஓர் அளவு வைத்துக்கொண்டு கடைக்குள் போங்கள்.

எங்கே வாங்குவது

நமக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. பாமசி, நுவரெலியா டவுனில் இருக்கிற சூப்பர் மார்க்கெட், பேன்சி கடை, நடைபாதையும் சந்தையும். இப்போது ஐந்தாவதாகக் கைபேசியும் சேர்ந்துவிட்டது.

பாமசியிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் வகை குறைவு, நிறம் குறைவு. ஆனால் பில் கிடைக்கும், கெட்டுப்போன சாமானைத் திருப்பிக் கொண்டுபோக ஒரு முகவரி இருக்கும். கண்ணுக்கும் முகத்துக்கும் உள்ளதை இங்கே வாங்குங்கள். பேன்சி கடையில் நிறங்கள் கொட்டிக் கிடக்கும், விலையும் இறங்கும். கியூடெக்ஸ், பொட்டு, வளையல், கிளிப் எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். நடைபாதையில் சீப்பும் கண்ணாடியும் வாங்கலாம். பெரிய பிராண்டின் பெயரைப் போட்டுப் பாதி விலைக்கு லிப்ஸ்டிக் விற்றால், அந்தப் பாதி விலையே அது போலி என்பதற்குச் சாட்சி. கைபேசியில் நேரலை போட்டு விற்பவர்களிடம் வாங்குவதானால், பின்பக்க லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.

லேபிளில் ஐந்தைத் தேடுங்கள்: தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், தொகுதி எண், உற்பத்தி நாள், முடியும் நாள், உச்ச சில்லறை விலை. மூடி திறந்த டப்பா போல ஒரு சின்னப் படமும் இருக்கலாம். அதற்குள் 12 என்ற எண்ணும் எம் என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், திறந்த பிறகு 12 மாதம்தான் பாவிக்கலாம் என்று பொருள். நேச்சர்ஸ் சீக்ரட்ஸ், ஜனெட் போன்ற உள்ளூர்ப் பெயர்களில் ஒரு வசதி உண்டு, முறையிட வேண்டுமானால் ஆள் நம் நாட்டிலேயே இருக்கிறார். லேபிளில் குறையோ விலையில் கூடுதலோ கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கண்ணுக்கு: டப்பா மையா, குச்சி மையா

விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பாட்டிமார் மை செய்தார்கள். செலவில்லை. ஆனால் கையின் அழுக்கும் அடுப்புச் சாம்பலும் அதில் சேரும், ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குக் கீழே வழியும். டப்பா மைக்கும் அதே குறைதான், ஒரே டப்பாவில் நான்கு பேரின் விரல் போகும். ஒருத்திக்குக் கண் நோய் வந்தால் லயத்துக்கே வரும்.

திருகினால் மேலே வரும் குச்சி மைதான் என் தேர்வு. 0.35 கிராம்தான் இருக்கும், பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். தினமும் போட்டாலும் மாதக்கணக்கில் வரும். சென்னையிலிருந்து 1938 முதல் வருகிற ஐடெக்ஸ் நம் அம்மாமாருக்கும் தெரிந்த பெயர். நமக்கு மூடுபனியும் தூறலும் நித்தம் உள்ளது, ஆகவே தண்ணீரில் கரையாதது என்று எழுதியிருப்பதை எடுங்கள். குளிரில் மைக்குச்சி இறுகிப்போகும். அப்படியே இமையில் இழுத்தால் வலிக்கும். புறங்கையில் நாலு கோடு போட்டுச் சூடாக்கிவிட்டுப் பிறகு கண்ணுக்குக் கொண்டுபோங்கள்.

பெயரில்லாத சுர்மாவைத் தொடாதீர்கள். ஈயம் கலந்த கல்லை அரைத்துச் செய்யும் வகைகள் உண்டு. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கைக்குழந்தையின் கண்ணுக்கு எந்த மையும் வேண்டாம்.

உதட்டுக்கு: கிரீமா, மேட்டா

நானுஓயா கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,600 மீட்டர். காலையிலும் மாலையிலும் வீசுகிற காற்று உதட்டை வெடிக்கவைக்கும். கொழும்புப் பிள்ளைகள் கொண்டாடும் திரவ மேட் லிப்ஸ்டிக் இங்கே சரிப்படாது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி உதட்டில் ஒரு காய்ந்த படலத்தை விட்டுவிடும், வெடிப்பெல்லாம் எடுப்பாகத் தெரியும். அது அழியாமல் நிற்கும் என்பது உண்மைதான். கலியாண வீட்டில் ஒரு நாளைக்குப் போடலாம், தினசரிக்கு வேண்டாம். குச்சி வடிவில் வரும் கிரீம் லிப்ஸ்டிக் மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது. சாப்பிட்டால் அழியும், ஆனால் உதட்டை மென்மையாக வைக்கும். முதலில் கொஞ்சம் வாசலின், ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு லிப்ஸ்டிக்.

நிறத்தைக் கடையின் டியூப் லைட்டில் தேர்ந்தெடுக்காதீர்கள். புறங்கையில் ஒரு கோடு போட்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையில் வைத்திருக்கும் மாதிரிக் குச்சியை உதட்டில் வைக்க வேண்டாம், எத்தனை உதட்டில் பட்டதென்று யாருக்குத் தெரியும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் செங்கல் நிறம், மெரூன், கத்தரிப்பூ கலந்த சிவப்பு எல்லாம் அருமையாக எடுக்கும். வெளிறிய ரோஸ் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். ஒரே லிப்ஸ்டிக்கை விரலில் தொட்டுக் கன்னத்தில் தேய்த்தால் ரூஜ் வாங்கும் காசு மிச்சம்.

முகத்துக்கு: பவுடரா, பவுண்டேஷனா

மலிவுப் பவுண்டேஷன்களில் பெரும்பாலும் வெளிர் நிறங்கள்தான் கடைக்கு வரும். நம் முகத்தில் பூசினால் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். தாடையோரம் பூசிப் பார்த்து, தோலோடு மறைந்துபோகிற நிறம் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தோல் நிறக் காம்பேக்ட் பவுடர் போதும். வெறும் டால்கம் பவுடரைக் குழந்தை இருக்கிற காம்பிராவில் தட்டிப் பறக்கவிட வேண்டாம், மூச்சுக்குள் போகும்.

முகத்துக்கென்று காசு செலவழிப்பதானால் சன்ஸ்கிரீனுக்குச் செலவழியுங்கள். குளிர்கிறதே, வெயில் எங்கே என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடும், மேகத்தையும் ஊடுருவி வரும். மலையில் நிற்கும் பெண்களின் கன்னத்தில் கறுப்பு படிவதற்கு அதுவும் ஒரு காரணம். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ளதைப் பாருங்கள். வாங்க முடியாத மாதத்தில் தலையில் போடும் துணியை நெற்றிக்கு முன்னே இழுத்துவிட்டாலும் பலன் உண்டு.

இனி, அந்தப் பையில் இருக்கவே கூடாதது: வெள்ளையாக்கும் கிரீம். ஒரு கிழமையில் நிறம் மாறும் என்று சொல்லும் கிரீமில் பாதரசமோ, பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீராய்டோ இருக்கக்கூடும். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பரு கிளம்பும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவளோடு அது நிற்பதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஒரே தலையணை, ஒரே துவாய், மடியில் தம்பியின் குழந்தை. அவர்கள் மேலும் படும். 2013இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை ஒழிக்கச் சொல்கிறது, இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் சின்னச் சின்ன டப்பாக்களில் வந்துகொண்டே இருக்கிறது. லேபிளில் மெர்க்குரி, கலோமெல் என்ற சொற்களைத் தேடுங்கள். தங்கம், வெள்ளி நகையில் படாமல் பாருங்கள் என்று எழுதியிருந்தால் அதுவே பெரிய எச்சரிக்கை. லேபிளே இல்லாவிட்டால் கேள்வியே வேண்டாம். அம்மாவிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் வந்த நிறம் நோயில்லை, அதற்கு மருந்து வாங்கத் தேவையில்லை.

நகத்துக்கு: கியூடெக்ஸா, மருதாணியா

அமெரிக்கக் கம்பனியொன்று 1917இல் விற்கத் தொடங்கிய நகப்பூச்சின் பெயர் கியூடெக்ஸ். இன்று நம் நாட்டில் எந்தக் கம்பனி நகப்பூச்சுக்கும் அதுதான் பெயர். அலங்காரத்தில் மனமாரச் சிக்கனம் பார்க்கக்கூடிய இடம் இது. நகம் உயிரில்லாத தகடு, நிறம் அதன் மேலே நிற்கும். ஆகவே ஐந்து மில்லிலிட்டர் சின்னப் போத்தல் வாங்குங்கள். பெரிய போத்தல் பாதியிலேயே இறுகிவிடும். டொலுயீன், ஃபோர்மல்டிஹைடு, டைபியூட்டில் தாலேட் என்ற மூன்றும் இல்லை என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

பூச்சின் கரைப்பான் காற்றில் பறந்தால்தான் படலம் இறுகும். குளிரில் அது மெதுவாகப் பறக்கும். கொழும்பில் ஐந்து நிமிடத்தில் காய்வது இங்கே கால் மணி நேரம் இழுக்கும். தடிப்பாக ஒரு பூச்சுப் பூசாமல் மெல்லியதாக இரண்டு பூசுங்கள், நடுவே சில நிமிடம் விடுங்கள். போத்தலை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கலாம். அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள். பூச்சும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிக்கும், நம் லயத்தில் விறகடுப்பு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்து, வாசற்படியில் உட்கார்ந்து பூசுங்கள்.

மருதாணிக்குக் குறை ஒன்றுதான், அதற்கும் சூடு வேண்டும். நம் குளிரில் செடி செழிப்பதில்லை, கடையில் விற்கும் பொடியோ கோனோதான். கையைத் துணியால் சுற்றி இரவு முழுக்க வைத்தால் சிவக்கும். ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கோன் வேண்டாம். அதில் முடிச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. இருக்கலாம், தோலைக் கொப்புளிக்க வைக்கும். எந்தப் புதுப் பொருளையும் முழங்கையின் உட்புறம் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுப் பாவியுங்கள்.

யாருக்கு எது

கொழுந்து பறிப்பவருக்கு மருதாணி. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நாள் முழுக்கக் கொழுந்தைக் கிள்ளும்போது எந்த விலைக் கியூடெக்ஸும் இரண்டாம் நாளே பெயரும். தேயிலைக் கறையில் கறுத்த நகத்தில் மருதாணிச் சிவப்பு நிற்கும், உதிராது.

தேயிலைத் தொழிற்சாலையிலோ ஹோட்டல் சமையலறையிலோ வேலையென்றால் கை நகம் வெறுமையாக இருக்கட்டும், உதிர்ந்த துணுக்கு உணவில் விழும். உங்கள் பங்குக்கு மையும் லிப்ஸ்டிக்கும்.

கடையில், பாலர் பாடசாலையில், அலுவலகத்தில் இருப்பவருக்கு மங்கலான மண் நிறக் கியூடெக்ஸ் நல்லது, ஓரத்தில் பெயர்ந்தாலும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஒபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ போகிறவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போங்கள். விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் கருவி நிறத்தில் தடுமாறும்.

முதன்முதலாக வாங்கும் தங்கச்சிக்கு: குச்சி மை ஒன்று, செங்கல் நிறக் கிரீம் லிப்ஸ்டிக் ஒன்று, சின்னக் கியூடெக்ஸ் ஒன்று. மீதிக் காசு சன்ஸ்கிரீனுக்குச் சேரட்டும்.

என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். கொழுந்து கிள்ளுற விரலுக்கு அதெல்லாம் நிக்காது புள்ள, என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கையை இழுத்துக்கொள்வார். போன தீபாவளிக்கு நான் காலைப் பிடித்தேன். கால் விரல் கொழுந்து கிள்ளுவதில்லையே. மெரூன் நிறம், மெல்லியதாக இரண்டு பூச்சு, வாசற்படியில் உட்காரவைத்துக் கால் மணி நேரம். மாசி மாதம் வரைக்கும் நகத்தின் நுனியில் அந்த மெரூன் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அழித்துவிடவா என்று கேட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், என்றார்.