ஆமைக்குப் பறித்த கீரையில் ஒரு முயல்செவி

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னாலுள்ள சந்தில், ஒரு பழைய கடைவீட்டின் பின்கட்டில் சுல்காட்டா ஆமை ஒன்று வளர்கிறது. வீட்டுக்கார அம்மா அதற்குத் தினமும் தீனி பறிக்கிறார். தொடக்கத்தில் அவரிடம் இருந்தது ஐரோப்பியப் பட்டியல் ஒன்று. அதில் முதல் பெயர் டேன்டிலியன். பினாங்கின் வெயிலிலும் மழையிலும் அந்தச் செடி களையாக முளைப்பதில்லை. ஆனால் சாக்கடை ஓரத்தில் வெட்டுவெட்டான இலையும் பஞ்சு போலப் பறக்கும் விதையுமாக ஒன்று நின்றது. அதுதான் டேன்டிலியன் என்று நினைத்து, சில நாள் பறித்துப் போட்டார். ஆமையும் விரும்பித் தின்றது.

பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்ததும் பெயர் சொல்லிவிட்டார்: முயல்செவி. நாட்டு வைத்தியத்தில் பழகிய மூலிகை, சிலர் கீரையாகவும் சமைப்பது. அதனால் ஆமைக்கும் நல்லது என்றுதான் யாரும் எண்ணுவார்கள். சிக்கல் அங்கேதான். முயல்செவியில் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் உண்டு. அவை ஈரலைக் கெடுப்பவை. தின்ற அன்றைக்கே எதுவும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, பாதிப்பு வெளியில் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். ஆமை போலப் பல பத்தாண்டுகள் வாழும் பிராணிக்கு இத்தகைய நஞ்சு மிகவும் ஆபத்தானது. பூம்புல் என்ற களையிலும் இதே வகை அல்கலாய்டுகள் இருக்கின்றன.

அந்த அம்மா நம்பியிருந்த விதி ஒன்றும் அன்றோடு போயிற்று. இலையைக் கிள்ளினால் பால் வரும் செடி ஆகாது, பால் வராதது ஆகும் என்பது அந்த விதி. டேன்டிலியனில் பால் வரும்; ஆமைக்கு ஏற்றது. மல்பெரி இலையிலும் பால் வரும். அதுவும் நல்ல தீனி. முயல்செவியில் பால் வராது. ஆனால் அது ஆகாது. எருக்கு, அம்மான் பச்சரிசி போன்ற பால் செடிகளைத் தவிர்ப்பது சரிதான். ஆனால் பாலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதன்பிறகு பூ பார்க்காமல் அவர் எதையும் பறிப்பதில்லை. முயல்செவிக்குக் குச்சி முனையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சின்னக் குஞ்சம், இதழ் விரிவதில்லை. மேல் இலைகள் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். டேன்டிலியனுக்கோ மஞ்சள் பூ. பூக்காத இளஞ்செடியில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் புதிய செடி எதையாவது கண்டால், அது பூக்கும்வரை விட்டுவைக்கிறார்.

இப்போது அவர் கூடையில் பெரும்பகுதி புல்தான். சுல்காட்டா ஆப்பிரிக்காவின் சாகேல் வறள்நிலத்து ஆமை; புல் தின்றே வளர்வது. அருகம்புல்லும் திடல்களில் படரும் மாட்டுப்புல்லும் அதற்குப் போதும். அவற்றோடு கொஞ்சம் வல்லாரை, நீலப் பூப் பூக்கும் கானாவாழை, செம்பருத்தி இலையும் பூவும். மலேசியாவின் தேசிய மலரே செம்பருத்தி என்பதால் வீட்டுக்கு வீடு கிடைக்கிறது. தோட்டப்புறத்தில் ஆடு வளர்த்தவர்களுக்கு நன்கு தெரிந்த ரும்புட் இஸ்ரேலும் சேரும். பருப்புக்கீரையை எப்போதாவது ஒரு பிடி மட்டும் போடுகிறார். அதில் ஆக்சலேட் அதிகம். உணவிலுள்ள கால்சியத்தை அது பிணைத்துக்கொண்டால் ஓட்டுக்கும் எலும்புக்கும் போய்ச் சேராது.

தமிழில் ஆமை என்ற ஒரே சொல் நீரில் வாழ்வதற்கும் நிலத்தில் வாழ்வதற்கும் பொது. ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோயில் குளத்து ஆமைகளுக்குப் பக்தர்கள் கங்கோங் கட்டு வாங்கிப் போடுவதைப் பார்த்துவிட்டு, வீட்டு ஆமைக்கும் தினமும் அதையே கொடுப்பவர்கள் உண்டு. அவை நீராமைகள். நில ஆமைக்குத் தேவை நார்ச்சத்து மிகுந்த புல்.

செடி நல்லதாக இருந்தாலும் இடம் கெட்டதாக இருக்கலாம்.  கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைச் சுற்றியுள்ள கட்டடங்கள் பலவும் பழையவை. சுண்ணாம்புச் சுவர் ஈரம் பிடித்து வைப்பதால் விரிசலில் செடிகள் செழிப்பாக முளைக்கின்றன. ஆனால் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உதிர்ந்த பூச்சு இலையில் படியும். சாலையோரத்தில் வண்டிப் புகையும் நாய் பூனைகளின் மூத்திரமும். டிங்கிக் கொசுவுக்குப் புகை அடித்த சந்திலும் பறிக்கக் கூடாது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. மற்றக் களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. மருந்தடித்த புல் உடனே மஞ்சளாவதில்லை, சில நாள் பச்சையாகவே நிற்கும். அந்த அம்மா ஒருமுறை ஏமாறப் பார்த்தது இதில்தான். கோயில் மாலைக்கு விற்கும் பூவும் வேண்டாம், பூச்சிமருந்து இருக்கும். மொட்டைமாடியில் நான்கைந்து தொட்டியில் அருகம்புல்லும் வல்லாரையும் வளர்த்துக்கொள்வதே இவற்றையெல்லாம் தவிர்க்கச் சிறந்த வழி என்பது என் கருத்து.

அரளி, உன்னிச்செடி, நித்தியகல்யாணி, ஊமத்தை, சேம்பு ஆகியவை ஆமையின் கண்ணில்கூடப் படக் கூடாது. அரளி இதயத்தைத் தாக்கும். உன்னி ஈரலைக் கெடுக்கும். சேம்பிலுள்ள ஊசிப் படிகங்கள் வாயைப் புண்ணாக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவின் நட்சத்திர ஆமையைச் சென்னை வழியாகக் கடத்தி வந்து விற்பது நெடுநாளாக நடக்கிறது. 2019இல் அது வனவிலங்கு வணிகத்துக்கான சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதை வாங்காதீர்கள். வேறு எந்த ஆமையானாலும் உரிமம் பற்றி முதலில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே ஆமை வளர்ப்பவர்கள் புதிய இலை எதையும் பெயர் உறுதியான பிறகு, கையளவு மட்டும் கொடுத்துத் தொடங்குங்கள். ஆமை தின்பதை நிறுத்தினாலோ சோர்ந்து கிடந்தாலோ, கடைசியாகக் கொடுத்த செடியை வேரோடும் பூவோடும் ஒரு பையில் போட்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஆமையோடு கொண்டு போங்கள்.