பிரசவத் துணையாக உள்ளே போகிறவளுக்கு

கண்ணு, இன்னும் சில நாளில் உன் தங்கச்சிக்கோ நாத்தனாருக்கோ வலி எடுக்கும். “நீ கூடப் போ” என்று உன்னைப் பிரசவ அறைக்குள் அனுப்பிவிடுவார்கள். சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு வட்டாரத்து அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெற்ற தாயைக்கூட உள்ளே விடமாட்டோம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும் சத்தம் தன் மகளுடையதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். 2004-இல்தான் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி துணைக்கு இருக்கலாம் என்று வந்தது. 2016-இல் மத்திய அரசும் அதையே நாடு முழுக்கச் சொன்னது. ஆனால் உள்ளே வந்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சுவரோரம் நின்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த துணைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். உனக்கு அப்படி ஆகக்கூடாது.

1. யார் வர வேண்டும் என்று பிள்ளைத்தாச்சியிடமே கேள். ஏழாம் மாதத்திலேயே கேட்டுவிடு, மாமியார் எதிரில் வைத்துக் கேட்காதே. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவள், தொற்றுநோய் இல்லாதவள், கடைசிவரை கூட இருக்கச் சம்மதிப்பவள் என்பதுதான் அரசு சொல்லும் தகுதி. மறைவுக்கு வசதி உள்ள இடத்தில் கணவனையும் விடலாம் என்று அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஒருத்தன் போர்வெல் வண்டியோடு வடக்கே இருப்பான், இன்னொருத்தன் லாரியில் போயிருப்பான். பெற்ற அம்மாதான் போக வேண்டும் என்றும் இல்லை. மகள் துடிப்பதைப் பார்த்துத் தானே மயங்கி விழுகிற அம்மாவுக்கு வெந்நீர், துணிமணி, சாப்பாடு என்று வெளியே வேலை கொடுத்துவிடு. சித்தியோ, நம் பக்கத்தில் நங்கை என்கிற அண்ணியோ உள்ளே போகட்டும்.

2. வளைகாப்பில் உட்கார்ந்து உன் பிரசவக் கதையைச் சொல்லாதே. கிழிந்தது, தையல் போட்டது, ரத்தம் போனது எல்லாம் அவள் மனசில் தங்கி, வலி எடுக்கும் ராத்திரியில் திரும்ப வரும். பயம் வந்தால் உடம்பு இறுகிப்போகும், இறுகின உடம்புக்கு வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் கூடும். கிராண்ட்லி டிக்-ரீட் என்ற இங்கிலாந்து டாக்டர் 1933-இல் இதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். பயத்தில் சுரக்கும் அட்ரினலின், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசினுக்குத் தடை போடும். அதனால்தான் வீட்டில் நன்றாக வந்துகொண்டிருந்த வலி ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் சிலருக்கு நின்றுபோகிறது. எட்டாம் மாதம் செக்கப்புக்குப் போகும்போது நர்ஸம்மாவிடம் கேட்டு, பிரசவ அறையை ஒரு தடவை அவளுக்குக் காட்டிவிடு. அந்தக் கட்டிலையும் மேலே தொங்கும் விளக்கையும் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதையும் அவள் பகல் வெளிச்சத்தில் பார்த்து வைத்திருந்தால் பாதி பயம் அங்கேயே இறங்கிவிடும்.

3. அவசரப்படாதே, மற்றவர்களையும் அவசரப்படுத்த விடாதே. தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகும் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. அதற்கு முந்தின வலி எவ்வளவு நேரம் இழுக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. வெளியே இருப்பவர்கள் பத்து நிமிஷத்துக்கு ஒரு போன் போட்டு “இன்னுமா?” என்பார்கள். உன் போனைச் சைலண்ட்டில் போடு. அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

4. உன் கைதான் மருந்து. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எடப்பாடிப் பக்கத்துத் தறிக்கார வீட்டுப் பெண் ஒருத்தி, தலைப்பிரசவம். கூட வந்தவள் அவள் நங்கை. தறி ஓட்டிக் காய்த்துப்போன கை. வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பக்கத்தை இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் வைத்து அழுத்துவாள். வலி இறங்கினதும் அழுத்தத்தைத் தளர்த்தி, தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்ல நீவிவிடுவாள். அழுத்தும்போது ஒன்றும் பேசமாட்டாள், மூச்சை மட்டும் அந்தப் பெண்ணுக்குக் கேட்கிற மாதிரி நீளமாக விடுவாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. ராத்திரி ஒன்பதுக்கு ஆரம்பித்தது விடியற்காலை நாலு வரை போயிற்று. நடுவில் வராந்தாவில் நடக்கவைத்தாள், ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், நர்ஸைக் கேட்டுக்கொண்டு இளநீரை மடக்கு மடக்காகக் கொடுத்தாள். யாரிடமும் படித்துக்கொண்டு வந்தவள் இல்லை அவள்.

பிரசவத் துணையைப் பற்றி 17 நாடுகளில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். ஆள் மாறாமல் ஒருத்தி கூடவே இருந்தால் சுகப்பிரசவம் ஆக வாய்ப்பு கூடுகிறது, வலி நேரமும் குறைகிறது என்று வந்தது. அந்த நங்கையின் கையைப் பார்த்திருந்ததால் எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

இரண்டை மட்டும் செய்யாதே. வயிற்றின் மேல் கை வைத்து அமுக்காதே. “முக்கு, முக்கு” என்று நீயாகச் சொல்லாதே. நேரம் வரும்போது அவள் உடம்புக்கே முக்க வரும், நர்ஸும் சொல்வார்.

5. கத்தினால் கத்தட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் செய்த தப்பை உன்னிடம் சொல்கிறேன். பத்தொன்பது வயசுப் பெண். ராத்திரி முழுக்கச் சத்தம் போட்டாள். அன்றைக்கு மூன்று பிரசவம், என் கால் வீங்கியிருந்தது. “வாயை மூடு” என்று அதட்டினேன். அதற்கப்புறம் அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. குழந்தை பிறந்து நான் துடைத்துவிடும்போதுதான் பார்த்தேன், அவள் முன்கையில் வரிசையாகப் பல் தடம், ஒரு இடத்தில் தோல் கிழிந்திருந்தது. “நான் சத்தம் போடலீங்களே சிஸ்டர்?” என்று கேட்டாள். இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. அன்று அவள் பக்கத்தில் நின்று “கத்து சாமீ, நான் இருக்கறேன்” என்று சொல்ல ஒருத்தி இருந்திருந்தால் நானும் வாயை அடக்கியிருப்பேன்.

“இதெல்லாம் ஒரு வலியா, நாங்க பெறலையா” என்பதும் வேண்டாம். “இப்ப ஒண்ணு போயிடுச்சு பாரு கண்ணு, அது இனித் திரும்பி வராது” என்று சொல். பொய்யில்லாத ஆறுதல் அது.

6. மருந்து, ஊசி விஷயத்தில் தலையிடாதே. அடுத்த கட்டில்காரியைக் கவனிக்கப் போகாதே. போட்டோ எடுக்காதே. ஆனால் ரத்தம் அதிகமாகப் போனாலோ, பனிக்குட நீர் பச்சையாக வந்தாலோ, தலை வலிக்கிறது கண் மங்குகிறது என்றாலோ, கை கால் இழுத்தாலோ, கூச்சமே படாமல் சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிடு.

7. ஆபரேஷன் என்று முடிவானால் உன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். “இத்தனை நேரம் தாங்கினே, இனி டாக்டர் பாத்துக்குவாங்க” என்று சொல்லி, தியேட்டர் கதவு வரை கையைப் பிடித்துக்கொண்டே போ.

8. பிறந்தது பெண் என்றால் உன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை ஜாக்கிரதை. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை நம் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. பெண் பிறந்துவிடுமோ என்ற பயத்தையும் பத்து மாதம் சேர்த்துச் சுமந்த பெண்கள் இந்த மண்ணில் உண்டு. அவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன்னால் துணைக்கு வந்தவளின் முகத்தைப் பார்ப்பார்கள். “மகராசி வந்துட்டா” என்று சிரித்துச் சொல். குழந்தையை உடனே அம்மாவின் மார்போடு போடச் சொல்லிக் கேள், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கட்டும். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு யார் சேனை வைக்க வந்தாலும் வேண்டாம் என்று நீ சொல்.

9. இரண்டு மூன்று நாள் கழித்துக் காரணமில்லாமல் அழுவாள். “குழந்தை நல்லா இருக்கே, எதுக்கு அழறே” என்று கேட்காதே, பக்கத்தில் உட்கார். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காமல், தூக்கம் வராமல், குழந்தையைத் தூக்கவே பிடிக்காமல் இருந்தால் கிராம நர்ஸிடம் சொல்லி டாக்டரைப் பார்க்க வை. பேய், பிசாசு என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகாதே.

10. நீயும் சாப்பிட்டுவிட்டுப் போ. தட்டையான செருப்பு போட்டுக்கொள், மாற்றுச் சேலை ஒன்று எடுத்துக்கொள். டீ குடிக்க வெளியே போவதானால் அவள் காதில் சொல்லிவிட்டுப் போ, எத்தனை நிமிஷம் என்றும் சொல். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சொல். வலிக்கிறவள் தூங்குவதில்லை, நீ இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பாள்.